மோட்டார் கொட்டகை ஓரத்து மண்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருடம். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் மற்ற கிருமிகளைக் கொல்லும் மருந்தைச் சுரக்கும். அப்படி ஒன்றைத் தேடுவதுதான் என் புராஜெக்ட். இலுப்பூர்ப் பக்கம் எங்கள் வயலில், மோட்டார் கொட்டகை ஓரத்து ஈர மண்ணை ஒரு கவரில் அள்ளிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கிருமி வளர்க்கும் தட்டில் அந்த மண்ணைத் தூவி வைத்தேன். மறுநாள் பார்த்தால், தட்டெல்லாம் கிருமி படர்ந்திருக்க, மண்துகளைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போல வட்டமாக வெறுமை. புராஜெக்டுக்கு வழிகாட்டும் மேடமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா துபாயில். வயல், மாடு எல்லாம் பார்ப்பது அம்மா ஒருத்திதான். எங்கள் வயலில் மருந்து விளைகிறதென்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. அந்த மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தால், ஒன்றுகூட எந்தக் கிருமியையும் கொல்லவில்லை. மறுபடி மண்ணையே தூவினால் அதே வட்டம். இதென்னடா கூத்து! அப்படியென்றால் கொல்வது யார்? புராஜெக்ட் கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது. மண்டை காய்ந்து அம்மாவிடமே கத்தினேன்.

"அந்த எடத்துல என்னத்தம்மா கொட்டுன?"

"நான் என்னடி கொட்டுனேன்? நெல்லு எலை கருகுதுன்னு உரக்கடையில ஒரு பொட்டலம் குடுத்தாங்க. அங்கனதான் கலக்குனேன், வாளியையும் அங்கனயே கழுவி ஊத்துனேன்."

பொட்டலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஸ்ட்ரெப்டோமைசின். யாரோ எப்போதோ மண் பாக்டீரியாவிலிருந்து கண்டெடுத்த கிருமிக்கொல்லி மருந்து. நான் கண்டுபிடித்தது அம்மா வாளி கழுவிய தண்ணீரை! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.

"அப்ப நம்ம மண்ணுல ஒண்ணுமில்லையா?" குரல் இறங்கிவிட்டது.

"இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. மருந்து படாத எடமாப் பாத்து, கொஞ்சம் மண்ணு எடுத்துப் பஸ்ஸுல குடுத்துவிடு."

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். வரப்பில் நடந்துகொண்டே பேசினாள், மூச்சு வாங்கியது.

"தென்னைக்கு வேருல மருந்து கட்டியிருக்கு. கடலைக் கொல்லையில களைக்கு அடிச்சது. கண்மாய்க் கரையில சீமைக் கருவைக்கு மருந்து அடிச்சாங்க. பையக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்டி. எங்கிட்டு எடுக்கட்டும்?"