கொட்டு ஒத்துக்காத தேனீக்காரி

தேனீ வளர்க்கிற தொழில்ல கொட்டு வாங்காதவங்க யாருமே கிடையாது; இனிமே ஒண்ணுகூட வாங்கக் கூடாதுன்னு ஆகிப்போனவங்க மட்டும் என் பக்கத்துல வந்து உட்காருங்க, உங்ககிட்டதான் பேசணும்.

வழக்கமான கொட்டு

செய்யூர் பக்கத்துல எங்க வீடு. பின்பக்கம் தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவுல தேனீப் பெட்டி வச்சிருந்தேன். கொட்டினா நகத்தால கொடுக்கை வழிச்சுப் போட்டுட்டு அடுத்த அடையைத் தூக்கிப் பார்க்கிற ஆளு நான். கொசுக்கடிக்குக் கொடுக்கிற மரியாதைகூட அதுக்குக் கொடுத்தது இல்லை.

அன்னிக்கும் கழுத்துல ஒண்ணே ஒண்ணுதான். கொஞ்ச நேரத்துல உள்ளங்கை அரிச்சுது, உதடு தடிச்சுது, அப்புறம் மூச்சு உள்ளே போக மாட்டேங்குது. என் வீட்டுக்காரர் தணிகாசலம் கல்பாக்கத்துல ஸ்டாஃப் பஸ் ஓட்டறவர். அவர் அப்போ டூட்டியில. நல்லவேளை, தேங்காய் ஏத்த வந்திருந்த நசீர் பாய் என்னைத் தன் குட்டியானை வண்டியில மூட்டையோட மூட்டையா கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். தொடையில ஊசி போட்டாங்க. கண்ணு முழிச்சதும் முதல்ல நான் கேட்டது, "பொட்டிய மூடினீங்களா பாய்?"

ஊசி போட்ட நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "மூச்சே இப்பதான் வந்துகினு கீது, அதுக்குள்ள பொட்டியா? நீ இன்னா ஜென்மம்மா!"

டாக்டரோட நம்பிக்கை

செங்கல்பட்டுல அலர்ஜி டாக்டரைப் பார்த்தோம். அடுத்த கொட்டு உயிருக்கே ஆபத்தா முடியலாம்னு சொல்லிட்டார். அந்த விஷத்தையே துளித்துளியா ஊசியில ஏத்தி உடம்பைப் பழக்குற வைத்தியம் ஒண்ணு இருக்காம்; வருஷக்கணக்குல போட்டுக்கணுமாம், மருந்து இங்க சுலபமா கிடைக்காதாம். "விசாரிச்சுச் சொல்றேன்"னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் போய்க் கேக்கறேன், இன்னும் விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கார்.

"அதுவரைக்கும் முகத்துக்கு வலை, கைக்கு உறை எல்லாம் போட்டுக்கினு லேசா திறந்து பாக்கட்டுமா சார்?"ன்னு கெஞ்சினேன். அவர் சிரிக்கவே இல்லை. "வலைய நம்பலாம்மா, உங்கள நம்ப முடியாது. சரியா தெரியலைன்னு ஒரு நாள் வலையத் தூக்கிட்டுப் பாப்பீங்க."

முட்டுக்காடு வியாபாரம்

ஞாயித்துக்கிழமை முட்டுக்காடு போட் ஹவுஸ் பக்கம் தேன் பாட்டில் வச்சு விப்பேன். வர்றவங்ககிட்ட வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமா இல்லையா? ஒரு அம்மா பரிவா விசாரிச்சாங்களேன்னு என் கதையெல்லாம் கொட்டிட்டேன். தேன் வேற, கொட்டு வேற, தேன் சாப்பிட எனக்கு ஒரு தடையும் இல்லைன்னு சொல்லித்தான் முடிச்சேன். அந்தம்மா பாட்டிலை மெதுவா கீழே வச்சாங்க. "வளக்கற உங்களுக்கே ஒத்துக்கலியாம், எங்களுக்கு மட்டும் எப்படிம்மா ஒத்துக்கும்?"

போன்ல ஒரு பெட்டி

பெட்டிகளை நசீர் பாயோட தோப்புக்கு மாத்திட்டோம். திறந்து பார்க்கிறது இனிமே என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவரைப் பத்திச் சொல்லணும். பஸ்ஸுக்குள்ள ஒரு தேனீ வந்துட்டா வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கிடற வீரர் அவர். நான் வேலிக்கு வெளியே ரோட்டுல நிப்பேன், கையில போன். அவர் உள்ளே, கழுத்துல போன்.

"ராணி தெரியுதா மாமா?"

"எல்லாம் ஒரே மாறிதான் கீது. இதுல எது ராணி, எது ராஜா?"

"மெதுவா தூக்கு. ஊதாத, ஊதினா கோவம் வரும்."

"எனக்கு மட்டும் வராதா? ஐயோ அஞ்சல, கொட்டிடுச்சு!"

மூடியைத் தூக்கினதும் கதகதன்னு ஒரு காத்து மூஞ்சில அடிக்குமே, உங்களுக்குத் தெரியும் இல்ல? மெழுகும் தேனும் கலந்த வாசனை. அது போன்ல வராது. எனக்கு அது வேணும், அவ்வளவு வேணும். ரோட்டுல நின்னு முந்தானையால கண்ணைத் துடைக்கிறேன், தேங்காய் எண்ணிக்கிட்டிருந்த நசீர் பாய் குரல் கொடுக்கறார். "கல்யாணம் ஆன புதுசுல கூட நீங்க ரெண்டு பேரும் போன்ல இவ்ளோ பேசிருக்க மாட்டீங்க தங்கச்சி!"

அழுக்குச் சட்டை

துணியில கொடுக்கு ஒட்டிக்கிட்டு வரலாம், அதனால தோப்புலேர்ந்து வந்த சட்டையோட வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னும் டாக்டர் சொல்லியிருந்தார். இவர் நேரா மோட்டார் கொட்டாய்க்குப் போய், சட்டையை ஊறப் போட்டு, குளிச்சிட்டு, சோப்பு வாசனையோட வந்து நிப்பார். ஒரு நாள் என்னால தாங்க முடியலை. "துவைக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி தூரத்துலேந்து காட்டேன் மாமா, மோந்து மட்டும் பாத்துடறேன்." அவர் சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டார். "ஊர்ல பொம்பளைங்க மல்லிப்பூ கேக்கறாங்க, நீ இன்னாடான்னா என் அழுக்குச் சட்டைய கேக்கற."

வாங்க வந்தவர்

போன மாசம் இவர் கண்ணுகிட்ட கொட்டு வாங்கி, இமை வீங்கி, பஸ் ஓட்டப் போக முடியலை. எனக்கும் வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாமத்தானே திடீர்னு ஆச்சு? இவருக்கும் அப்படி ஆயிட்டா? போதும்னு நானே மதுராந்தகத்துல தேனீ வளர்க்கிற ஒருத்தருக்குப் போன் போட்டு, எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

பூச்சியெல்லாம் உள்ளே அடங்கற நேரமாப் பார்த்து, பொழுது சாய அவர் வண்டியோட வந்தார். நான் வழக்கமான இடத்துல நின்னேன். முதல் பெட்டியோட வாசலைத் துணியால அடைச்சாங்க. நான் வேலி மேல சாய்ஞ்சு, அந்த வாசனை வருதான்னு மோந்து பார்த்தேன். ஒரு முனையில அவர், இன்னொரு முனையில என் வீட்டுக்காரர், தூக்கினாங்க. இவர் என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் திரும்ப அதே இடத்துல இறக்க வச்சுட்டு, அடைச்ச துணியைப் பயந்து பயந்து உருவினார். "மன்னிச்சுக்கோ அண்ணாத்த, பொட்டி விக்கல. இத குடுத்துட்டா இவ வேற எவன் தோப்புலயாச்சும் பூந்து தொறப்பா, அங்க பாத்துக்க நான் இருக்க மாட்டேன்."

ஆகமொத்தம், எங்க குடும்பத்துல இப்போ பயப்படறவர் பெட்டியைத் திறக்கறார், ஆசைப்படற நான் ரோட்டுல நிக்கறேன்.