விரதக் கிண்ணத்தில் ஓர் ஆம்லெட்

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். மதியம் ஒருவேளைச் சைவச் சாப்பாடுதான். இன்று கோவில்பட்டியில் புதிதாகத் திறந்திருக்கும் ‘உங்கள் கிண்ணம், உங்கள் விருப்பம்’ கடைக்கு அழைத்துப் போனேன்.

சோறு, பீன்ஸ், கேரட் என்று அம்மா பசியோடு ஒவ்வொன்றாகக் கைகாட்டினாள்.

கிண்ணம் வந்தது. குழைந்த சோற்றை மூடிக்கொண்டு ஓர் ஆம்லெட்.

“அண்ணாச்சி, நாங்க முட்டை கேக்கலையே?”

“வெறும் காய மட்டும் எப்படிம்மா கொடுக்க? பாக்கிறவிய என்ன சொல்லுவாவ? முட்டைக்குக் காசு வேண்டாம்.”

“அம்மா இன்னைக்கு விரதம்.”

“அதான் வச்சேன். எப்படி வாடிப்போயிருக்காவ, பாருங்க!”

பக்கத்துக் கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றபடி அம்மா சொன்னாள்: “நல்ல மனுசன்தான். அடுத்த தடவை வியாழக்கிழமை வருவோம்.”

உங்கள் ஊரிலாவது கிண்ணம் உங்கள் விருப்பப்படி வருகிறதா?