களத்தில் மரச்செருப்பு

பங்குனியில் எங்கள் களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெல்லில் கண் நிற்கவில்லை. சென்னைக்குப் போய் ஓவியம் படிக்க அய்யா சம்மதிக்க வேண்டும். திங்கட்கிழமை சென்னைக்குக் கிளம்பும் எங்கள் வாத்தியார், அதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

அய்யாவைச் சரிக்கட்ட, வாத்தியாரிடமே ஒரு படப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாலந்துக் கிராமங்களுக்குப் போய்க் குடியானவர்களை வரைந்த அமெரிக்க ஓவியர்களின் படங்கள். பள்ளிக்கூடத்தில் அவற்றைப் பார்த்துப் போட்டுத்தான் நான் பழகியது. பாடுபடுகிற சனங்களையும் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கண்டால் அய்யா மனம் இளகும் என்று நினைத்தேன்.

மத்தியானம் மாடுகளை நிழலில் கட்டியதும் புத்தகத்தை விரித்தேன். முதல் படத்தில் ஒரு குடியானவப் பெண் அறுத்த கதிர்மேல் நின்றாள்.

“கதிரு மேல செருப்போட நிக்கிறாளே!” என்று பதறினாள் ஆத்தா. எங்கள் பக்கம் செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் களத்தில் கால் வைப்போம்.

“அது குளிரு நாடு ஆத்தா. மரச்செருப்பு.”

“மரமோ தோலோ, செருப்பு செருப்புத்தான?”

அய்யா கேட்டார்: “வரைஞ்சவுக அந்த ஊருக்காரகளா?”

“இல்லய்யா, அமெரிக்காக்காரக. கப்பலேறிப் போயி அங்கனயே தங்கி வரைஞ்சாக.”

“ஏன், அவுக ஊர்ல வெள்ளாம இல்லையாக்கும்?”

“இருக்கு. சொந்த ஊர்ல நின்னா கையில அருவாளக் குடுத்திருப்பாக.”

“அப்ப வேலைக்குப் பயந்து ஓடின பயலுக! நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்க.”

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வரப்பில் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். காற்று எழும்பி, நெல்லைத் தூற்ற ஆத்தா சுளகைத் தூக்கியதும் தாளையும் பென்சிலையும் எடுத்தேன். முந்தானை வந்தது, உயர்ந்த கை வந்தது, பறக்கும் பதர்கூட வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

“எனக்கு எதுக்குலே செருப்ப மாட்டிவிட்ட? அதுவும் களத்துல!”

அப்போதுதான் பார்த்தேன். புத்தகத்துக் கால்களையே போட்டுப் பழகிய கை, ஆத்தாவுக்கும் மரச்செருப்பை வரைந்திருந்தது.

அய்யா சிரிக்கவில்லை. வைக்கோலில் உட்கார்ந்து சேறு காய்ந்த காலை நீட்டினார். “இத வரைலே, பாப்பம்.”

வரைந்தேன். விரல்கள் கிழங்குபோல வந்தன. அழித்தேன். வெடித்த குதிகால் வரவே இல்லை.

“அசையாதீக அய்யா.”

“எறும்பு கடிக்குதுலே.”

தாள் அழித்த இடத்தில் கிழிந்தது. அய்யா அதை வாங்கிப் பார்த்தார்.

“பொறந்ததுலருந்து பாத்த காலு. அதுவே வரலேன்னா படிக்கத்தான் வேணும் போல. திங்கக்கெழமைக்குள்ள வாத்தியாருகிட்டச் சொல்லிரு.”

“இன்னொரு தடவ போட்டுப் பாக்குறேன்யா” என்று தாளைத் திருப்பினேன். அதற்குள் அந்தக் கால் மாடுகளை நோக்கி நடந்துகொண்டிருந்தது.