முள்ளன் திரும்பி வந்த ஞாயிறு

தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, முள்ளம்பன்றியின் முட்களுக்கு வெள்ளை வைப்பது. உயிருள்ள முள்ளம்பன்றி இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பொம்மை. மனிதனைப் போல இரண்டு காலில் நிற்கும், இடுப்பில் வார் கட்டியிருக்கும், நெஞ்சை எங்கள் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரைப் போல முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். முதுகு முழுக்க முள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் மெல்லிய தூரிகையால் ஒரு பொட்டு வெள்ளை வைக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை இதே வேலைதான்.

அதே தொழிற்சாலையில் கரடியும் ஆந்தையும் தவளையும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நாங்கள் தேவையில்லை. பொம்மையின் மேல் ஒரு தகட்டு மூடியைக் கவிழ்த்து, புஸ்ஸென்று சாயத்தைப் பீய்ச்சினால் வேலை முடிந்தது. முள்ளுக்கு மட்டும் எந்த மூடியும் ஒத்துவரவில்லை. அதனால் முள்ளனுக்கென்று தனியாக ஒரு நீள மேசை போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். முள்ளன் என்பது நாங்கள் வைத்த பெயர். மலாய்ப் பெண்கள் லண்டாக் என்றார்கள், முள்ளம்பன்றிக்கு அவர்கள் மொழியில் அதுதான்.

எனக்கு அப்போது இருபது வயது. சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பத்து பெரண்டாம் என்ற ஊருக்குத் தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தேன். எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டு அக்கா பஸ்ஸிலும் என் பக்கத்தில் உட்காருவார், மேசையிலும் என் பக்கத்தில்தான். வழியில் செர்காமில் ஏறும் ஒரு மலாய்க்காரப் பெண்மணிதான் எங்கள் மேசைக்குத் தலைவி. வயதில் மூத்தவர் என்பதால் எல்லாரும் காக் என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் எரிச்சல் வந்துவிடும் அவருக்கு. எனக்கோ கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது.

யார் இவன்? ஏன் ஒரு புருவம் மட்டும் தூக்கியிருக்கிறது? இடது காது ஏன் கிழிந்திருக்கிறது? காது கிழிந்த பொம்மைகளை அச்சில் கெட்டவை என்று நினைத்து, முதல் வாரம் ஒரு கூடை நிறைய ஒதுக்கி வைத்தேன். காக் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாப் பொம்மைக்கும் அப்படித்தான் காது என்றார். ஏன் அப்படி என்று கேட்டேன். "லண்டாக்லா. சின்னப் பிள்ளைங்க விளையாட. வேற என்ன தெரியணும் உனக்கு?" என்று மலாயில் கத்திவிட்டுப் போனார். அரை வருடம் அவன் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அவன் யாரென்று தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவன் திரைக்குள் ஓடி வந்தான். அதே கிழிந்த காது, அதே தூக்கிய புருவம். என்னையும் மீறி எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"ம்மா! நம்ம முள்ளன்மா! ஓடுறான் பாருங்க!"

அம்மா திரும்பிப் பார்த்தார். "இதுக்கா இந்தக் கூப்பாடு? கறி வெச்சா ரெண்டு வேளைக்கு வரும்" என்றார்.

பேச்சு ஆங்கிலம், கீழே மலாயில் எழுத்து. இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்த புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது. மூடிக்கிடந்த ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய மிருகங்கள் அவை. ஏதோ ஒரு தொழிற்சாலையின் பச்சைக் கழிவுநீரைக் குடித்ததும் உடம்பு வளர்ந்து, பேச்சு வந்து, ஊரைக் காப்பாற்றக் கிளம்பிவிடுகின்றன. தப்பும்போது வேலிக் கம்பியில் மாட்டித்தான் முள்ளன் காது கிழிந்ததாம். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கும் விளக்கத் தெரியவில்லை. அரை வருடமாக அரித்துக்கொண்டிருந்தது அடங்கியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. லயத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து குவிந்தார்கள், நானும் அவர்களோடு தரையில். "மாப்பிள வீட்டுக்காரங்க வந்தா பொண்ணு பொம்ம படம் பாத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லவா?" என்று அம்மா குத்திக்காட்டுவார். நான் காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவுக்குத் தமிழில் கதை சொல்வேன். அவருக்கு ஞாயிறு என்பது துணி துவைக்கவும் பசாருக்குப் போகவும்தான். பிறகு மேசையில் எல்லாருக்கும் என் அரைகுறை மலாயில் சொல்ல வேண்டும். பச்சைத் தண்ணீர் கதையைச் சொன்னதும் அக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"பேக்டரித் தண்ணி குடிச்சா சக்தி வருமாமா? நம்மளும்தான் குடிக்கிறோம், இடுப்பு வலிதான் வருது."

காக் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். கை நிற்காத வரையில் காக் எங்கள் வாயை மூடச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவரே மேசைப் பக்கம் வந்து நின்று, பெட்டியைச் சரிபார்ப்பதைப் போல, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு முள்ளன் வெள்ளிக் கவசம் மாட்டிக்கொண்டு வந்தான். புதிதாக யாரோ ஒரு விஞ்ஞானி அவனுக்குச் செய்துகொடுத்ததாகக் கதை. புதிதாவது! அந்தக் கவசப் பொம்மையை நாங்கள் சாயம் வைத்து அனுப்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் மூளைக்குத் தீனி கிடைத்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் அக்காவைத் தூங்க விடவில்லை.

"அக்கா, கதையில கவசம் வருதுன்னு பொம்ம செய்யல. பொம்ம செஞ்சாச்சு, அதான் கதையில கவசம் வருது. பொம்மதான் முதல்ல!"

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அப்ப நம்மதான் கதைய நடத்துறோமா?"

"ஆமாக்கா."

"அப்டின்னா சம்பளம் கூட்டித் தரச் சொல்லுலா" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பெரிய உண்மையொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அது பாதிதான் என்பது அப்போது தெரியவில்லை.

அடுத்த வருடம் முள்ளன் காணாமல் போனான். அணை உடைந்து, ஆந்தையைக் காப்பாற்றப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கரடியும் தவளையும் மட்டும்தான். அதே சமயத்தில் தொழிற்சாலையில் கூடுதல் நேர ஓ.டி. வேலை நின்றது. எங்கள் மேசைக்கு வரும் பெட்டிகள் குறைந்தன. சீனாவுக்கு மாற்றப் போகிறார்களாம் என்று கழிவறை வரிசையில் பேச்சு. காக்கிடம் கேட்டால், மேலே எதுவும் சொல்லவில்லை என்றார். உண்மையில் அவருக்கும் தெரியாது.

மேசை போனால் என் கதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் பெண்களுக்கு அப்போது மிஞ்சியிருந்தது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் களைக்கொல்லி அடிக்கும் வேலைதான். அம்மா பதினைந்து வருடமாக மருந்துப் பம்பைச் சுமந்தவர். இரண்டு தோளிலும் வார் பதிந்த தடம், மஞ்சளேறிய நகங்கள். எப்போது பார்த்தாலும் வறட்டு இருமல். நான் தொழிற்சாலைக்குப் போன முதல் நாள், "இந்தப் பம்பு என்னோட போவட்டும்" என்று சொன்னார்.

மேலிடம் வாயைத் திறக்காதபோது நாங்கள் டிவியைப் பிடித்துக்கொண்டோம். என் கணக்கு நேரானது. அவன் கதையில் இருக்கும் வரை பிள்ளைகள் அவனைக் கேட்பார்கள், பிள்ளைகள் கேட்கும் வரை முள் வைக்க ஆள் வேண்டும். இதை மேசையில் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். திங்கட்கிழமை பஸ் ஏறினால் கதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. செர்காம் பெண்கள் ஏறும்போதே, "வந்தானா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று நான் தலையாட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அம்மாவும் பார்க்கத் தொடங்கினார். ஞாயிறு காலை பிள்ளைகளுக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டு, "அந்தப் பன்னி வருதா?" என்பார். கறி பற்றிய பேச்சே போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் அதே வட்டாரத்திலிருந்த மின்னணுச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். புதன்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லி எனக்கும் அக்காவுக்கும் தகவல் வந்தது. அங்கே இரவு முறை வேலையும் உண்டு. அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று அக்கா தவித்தார். எனக்கும் மனசில்லை. அங்கே செய்கிற பொருள் எதற்குள்ளே போகிறது, என்ன செய்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். நான்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறு முள்ளன் வந்தான்.

நகரம் பற்றி எரிகிறது. கரடி விழுந்துகிடக்கிறது. புகைக்குள்ளிருந்து ஒரு முள் பறந்து வந்து எதிரியின் துப்பாக்கியைத் தட்டிவிடுகிறது. அப்புறம் இன்னொன்று. புகை விலகினால் அவன் நிற்கிறான், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக, பறக்கும் முட்களோடு. பிள்ளைகள் குதித்தார்கள், நானும்தான். அம்மா கையைத் தட்டிவிட்டு, வெட்கப்பட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ரவை வறுத்துக் கேசரி கிண்டினார். "கொண்டுபோய் எல்லாருக்கும் குடு, அந்த மலாய்க்காரம்மாவுக்கும்."

திங்கட்கிழமை பஸ் செர்காமில் நிற்பதற்குள் ஜன்னல் வழியே கத்திவிட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கேசரி பாதி பஸ்ஸிலேயே தீர்ந்தது. புதன்கிழமை நானும் அக்காவும் நேர்முகத்துக்குப் போகவில்லை. பறக்கும் முள் என்றால் புதுப் பொம்மை, புதுப் பொம்மை என்றால் கூடுதல் முள், கூடுதல் முள் என்றால் கூடுதல் ஆள். பஸ்ஸிலேயே இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காக் எங்களை மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். மாதக் கடைசியோடு முள் மேசை மூடப்படுகிறது என்றார். கரடியும் தவளையும் கையிருப்பு தீரும் வரை ஓடும், லண்டாக் இனி இல்லை.

எனக்கு அது ஏறவே இல்லை. "ஆனா காக், அவன் திரும்பி வந்துட்டானே! போன ஞாயிறு வந்துட்டானே!"

காக் என்னையே பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு, உடனே அடங்கியது. என் தோளில் கை வைத்து, தங்கையிடம் பேசுவதைப் போலச் சொன்னார். "அது பழைய கதை, டிக். அங்க, அவங்க ஊர்ல, அந்தப் படம் போன வருஷமே முடிஞ்சிருச்சாம். இப்பதான் ஆபீஸ்ல சொன்னாங்க. முடிஞ்சதத்தான் இங்க இப்ப போடுறாங்க."

முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். என் மேல்தான். ஒரு வருடத்துக்கு முன்னால் செய்த கவசம் அன்றைக்குத்தான் டிவியில் வந்தது என்று ஊருக்கெல்லாம் பறைசாற்றியவள் நான். அப்படியானால் டிவியில் ஓடுவது ஒரு வருடம் பழசு என்று ஏன் எனக்குப் படவில்லை? கேள்வி கேட்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தவள், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை விட்டுவிட்டேன். அழுகை பஸ்ஸில் வந்தது. அக்கா கைக்குட்டையைக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சனிக்கிழமை வேலை விட்டதும் சில்லு தொழிற்சாலைக்கு ஓடினோம். ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்று வாசல் காவலர் சொன்னார். மாதம் முடிந்தது. மேசையை மடித்துச் சுவரில் சாய்த்தார்கள். அம்மா மண்டோரிடம் பேசினார், இரண்டு பேருக்கும் சேர்த்தே. மருந்துப் பம்பு எடுக்க நானும் அக்காவும் திங்கட்கிழமை விடிகாலை பேர் கூப்பிடும் பிரட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னிடம் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தைய நாள், ஞாயிறு காலை, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். துவைக்க வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். இத்தனை நாள் கதை கேட்டவர், முள்ளன் நடமாடுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பிள்ளைகள் இடம் விட்டார்கள். அம்மா கதவோரத்தை விட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

முள்ளன் உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றான். முட்கள் எல்லாம் விரிந்து நின்றன. நுனியில் வெள்ளை சுத்தமாக இருந்தது. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, இந்த ஊரை விட்டு நான் எங்கும் போகமாட்டேன், என்றைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று முழங்கினான். நான் மலாய் எழுத்தைப் படித்து அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.



"பாவம்டி" என்றார் அக்கா. "அவனுக்கு இன்னும் விஷயம் தெரியல."