இரைச்சல் நின்ற படகு

அன்னூர்ப் பக்கத்துக் குளத்தில் சின்னத்தாயி ஐந்து வருடமாகப் படகு ஓட்டுகிறாள். சவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த தனபால், பயணிகளைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காதருகே குனிந்து கேவலமாகத் திட்டுவார். பெட்ரோல் எஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது. அவள் புகார் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

போன மாதம் பேட்டரி மோட்டார் மாட்டினார்கள். ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர்ச் சலசலப்பு மட்டுமே கேட்டது.  தனபாலின் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் குளம் பார்க்க வரும் நாளுக்காகச் சின்னத்தாயி காத்திருந்தாள்.

அன்று அவர்களோடு நானும் ஒரு பயணியாக அந்தப் படகில் இருந்தேன். நடுக்குளத்தில் அவள் வேண்டுமென்றே படகை வெட்டித் திருப்பினாள். தனபாலின் வெள்ளை வேட்டி நனைந்தது. பழக்க தோஷம், சிரித்துக்கொண்டே குனிந்து கத்தினார்: “எச்சக்கல நாயே, கண்ணு அவிஞ்சு போச்சாடி?”

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, சரியாக் கேக்கலீங்க,” என்றாள் சின்னத்தாயி. “அஞ்சு வருசமாச் சொல்றதுதானுங்க. சம்பந்தியம்மாளுக்கும் கேக்கற மாதிரி இன்னொருக்காச் சொல்லுங்க.”

“படகக் கரைக்குத் திருப்பு அம்மணி,” என்றார் அந்த அம்மா.

“இன்னும் பாதிக் குளம் இருக்குதுங்கம்மா,” என்று சொல்லி, சின்னத்தாயி மோட்டாரின் வேகத்தைக் குறைத்தாள்.