காய்ச்சல் வராத மாலை

இடது விலாவுக்குக் கீழே வயிறு புடைத்தபோது, பழியை மாமியார் வீட்டுச் சாப்பாட்டின் மேல் போட்டோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு பிரஸ் மிஷின் ஓட்டியவர்கள், "இன்னா மச்சான், கல்யாணமாகி ஆறு மாசத்துலயே தொப்பையா?" என்றார்கள். எனக்கும் பெருமைதான். வீங்கியிருப்பது மண்ணீரல் என்று ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தெரிந்தது.

நாள்பட்ட ரத்தப் புற்று (வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்). டாக்டரம்மா இன்டர்பெரான் ஊசி எழுதினார் (கிருமி வந்தால் உடலே சுரக்கும் புரதம், எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட அதையே மருந்தாகத் தருகிறார்கள்). தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். "ஜுரம் வரும், பயப்படாதீங்க. நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

சாதாரண ஜுரமா அது? ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடும். இரண்டு வாரத்தில் வெறுத்துப்போனேன். மனைவி ஸ்டெல்லா மண்ணூர்பேட்டைத் தையல் கம்பெனியிலிருந்து வருவதற்குள் நானே ஊசி போட்டுக்கொள்வது வழக்கம். ஒருநாள் மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன்.

வந்தவள் நெற்றியைத் தொட்டாள்.

"இன்னாங்க, ஒடம்பு ஜில்லுனு கீது? ஊசி போட்டுகினீங்களா?"

"போட்டேனே."

"பொய் சொல்லாதீங்க. ஜுரம் எங்க?"

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளே காலை ஷிப்டுக்கு மாறி, ஊசியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மாதிரி ஊசி போட்டுக்கொள்ளும் உங்களில் யாராவது இப்போது அப்படியொரு சாக்கடை ஓரம் நின்றுகொண்டிருக்கலாம்.

அதன்பின் எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் நிம்மதி. இரண்டாம் மாதம் ஒரு மாலை, அவளே ஊசி போட்டும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. "கரெண்டு போய்கினே இருந்துச்சே, பிரிட்ஜுல மருந்து கெட்டுப்போச்சா?" என்று அழுதாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துச் சிரித்தார்.

"மருந்து கெடலம்மா. இவர் ஒடம்பு அதுக்குப் பழகிடுச்சு. வெள்ளணு நல்லா எறங்கியிருக்கு. ஊசிய விடாதீங்க, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

முன்பெல்லாம் உடம்பை வேலைக்கு இழுத்துப்போகும் வண்டியாகத்தான் நினைத்திருந்தேன். நான் ஏமாற்றிய நாளிலும் அது எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நோய் போய்விட்டதென்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் இன்னொரு மூன்று மாதம் தருகிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் தென்னங்கன்று வைக்கிறோம், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடிச் சண்டை போடுகிறோம்.