சோக் தகட்டைப் பிடித்திருந்த அக்காவின் கை

திருப்புட்குழியில் கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அவர் கணவர், எங்கள் மாமா, காலமானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மாமா வாடகைக்கு ஓட்டிய பழைய காரை விற்றுவிடும்படி பலர் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வருவோருக்கும் கல்யாண வீட்டாருக்கும் தாமே ஓட்டினார். நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவதே அதனால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு நண்பகல். வயலில் என்னை நல்ல பாம்பு கடித்துவிட்டது. கல்யாணச் சவாரி முடித்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, என்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். பாதி வழியில் மாடுகள் குறுக்கே வந்தன. வேகம் குறைந்ததும் வண்டி கரும்புகை கக்கி நின்றுவிட்டது.

அக்கா ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

“அண்ணி, இவருக்குக் கண்ணு சொருவுது!” என்று என் மனைவி அலறினாள்.

பெட்ரோல் நெடி அடித்தது. அக்கா சட்டென்று காலை எடுத்தார். “ஐயோ, நானே பெட்ரோல ஊத்தி ஊத்தி அடைச்சிக்கினு இருக்கேன்மா!”

பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினார். குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு, சூடேறியதும் தானாகத் திறக்க வேண்டும். அது இறுக மூடிக் கிடந்தது.

“நீ என் சீட்ல உக்காரு. ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதி, எடுக்காத. அப்பத்தான் காத்து நெறைய போயி, தேங்கின பெட்ரோல் வெளிய போவும். சாவியத் திருப்பு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணி!”

“வலது கால்மா! மிதி!”

அக்கா தகட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறை திருப்பியபோது குப்பென்று தீ எழுந்து அவர் கையைச் சுட்டது. கையை எடுக்கவில்லை. “நிறுத்தாத, திருப்பு!”

மூன்றாம் முறை இன்ஜின் பிடித்தது. பானெட்டில் கல்யாணப் பூச்சரம் கட்டியிருந்த கயிற்றை அறுத்து, தகடு மறுபடி மூடாதபடி இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டினார்.

அதற்குமேல் எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தபோது, கட்டுப்போட்ட கையோடு அக்கா அருகில் இருந்தார்.

“மொதல்லயே சோக்கப் பாத்திருந்தா அவ்ளோ நேரம் ஆயிருக்காது. என் மேல கோவமாப்பா?”

தொண்டையில் குழாய் இருந்தது. இல்லை என்று தலையசைத்தேன்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்தவர்களுக்கும், கடைசி வரை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. உங்களோடு சேர்ந்து நானும் ஓடினேன். என்னைக் காப்பாற்றியவரை என்னால் காப்பாற்ற முடியவில்லை.